காரியாலயத்தை இடம் மாற்றினால் செலவு குறையுமா?

சென்ற மாதம் ஒரு பின்னேரம் என் பழைய நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். தகப்பனாரிடமிருந்து ஹார்ட்வெயார் வியாபாரத்தைப் பொறுப்பெடுத்து நான்கு வருடங்களாகின்றன. கெட்டிக்காரப் பிள்ளை. தலைமைக் கடை கொழும்பில். குருநாகல், கண்டி, காலி ஆகிய மூன்று ஊர்களில் கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளையிலும் பில் போடுவதற்கும், கணக்கு எழுதுவதற்கும், கடன் அறவிடுவதற்குமாக இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

"மாமா, சாமான் மட்டும் அங்கே இருக்கட்டும். இந்த மூன்று ஊர் கணக்கு வேலையையும் கொழும்புக்கு எடுத்துட்டா மாசா மாசம் எவ்வளவு மிச்சம் என்று பாருங்க" என்று சொல்லி ஒரு கடதாசியை நீட்டினார். புதிதாகக் கட்டிய மாடி ஒன்றில் ஒரு தட்டு பார்த்து வைத்திருக்கிறார். பத்து வருட லீஸ். மாத முடிவுக்குள் கையொப்பம் வைக்க வேண்டுமாம்.

அந்தக் கடதாசியைப் பார்த்தேன். 'மிச்சம்' என்று எழுதிய பக்கம் நீளமாக இருந்தது. மூன்று ஊர் வாடகை, மூன்று மின்சாரப் பட்டியல், மூன்று டெலிபோன், குறைக்கக்கூடிய சம்பளம். 'செலவு' என்ற பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது. ஒன்று லொறிக் கூலி. மற்றையது பெயின்ட்.

இதே மாதிரியான ஒரு கடதாசியை மிகப் பெரிய அளவில் எழுதிப் பார்த்த ஒரு நிறுவனம் இருக்கிறது. அது வியாபார நிறுவனமல்ல. பிரித்தானியாவின் வரி அறவிடும் திணைக்களம். அவர்களது கணக்கை அந்த நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் வரிக்கு வரி பரிசோதித்துப் பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறது. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு அது செலவில்லாமல் கிடைக்கும் பாடம். அந்தப் பிள்ளைக்கு அன்று சொன்னதைச் சற்று விரிவாக வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

சொந்தக் கட்டடத்தை விற்று வாடகைக்கு இருந்த கதை

கதையை 2001ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது பிரித்தானியாவில் வருமான வரிக்கு ஒரு திணைக்களமும், சுங்கத்துக்கும் பெறுமதி சேர் வரிக்கும் இன்னொரு திணைக்களமும் இருந்தன. இரண்டுக்கும் நாடு முழுவதும் ஏறத்தாழ 600 கட்டடங்கள். சில சொந்தம், சில குத்தகை. அந்த வருடம் மார்ச் மாதத்தில் இவை அனைத்தையும் மேப்லி என்ற தனியார் நிறுவனமொன்றுக்கு 20 வருட ஒப்பந்தத்தில் கையளித்தார்கள். கம்பனி முன்கூட்டியே 220 மில்லியன் பவுண் கொடுத்தது. அதன் பிறகு தாங்கள் இருந்த அதே கட்டடங்களுக்கு, அதே மேசை கதிரையில் இருந்துகொண்டு, இரண்டு திணைக்களங்களும் ஒவ்வொரு வருடமும் கட்டணம் செலுத்தத் தொடங்கின.

கைக்கு ஒரு தொகைப் பணம் வந்தது. பராமரிப்புத் தொல்லை போனது. ஊழியர் குறைந்தால் ஓரளவு இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் ஒப்பந்தத்தில் இருந்தது. நம்மவர்களில் எத்தனையோ பேர் கஷ்ட காலத்தில் சொந்தக் கடையை விற்றுவிட்டு அதே கடைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பதைப் பார்க்கிறோம். அதே வேலைதான். பிழை என்று சொல்ல வரவில்லை. சில வேளை வேறு வழி இருக்காது. ஆனால் அன்றிலிருந்து ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. 20 வருடம் என்றால் 2021ஆம் ஆண்டு. அன்றைக்கு ஒன்றில் புதிய விலை பேச வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

இதிலே ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்தக் கட்டடங்களின் உரிமை பெர்முடாத் தீவில் பதிவு செய்யப்பட்ட கம்பனியொன்றின் பெயரில் இருப்பது 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. வரி குறைவான நாட்டில் பதிவு செய்துகொண்டவரிடமிருந்து வரித் திணைக்களமே வாடகைக்கு இடம் எடுத்திருக்கிறது! பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் இது பெரிய கேள்வியானது. ஒப்பந்தம் எழுதும்போது விலையை மட்டும் பார்த்து, எதிரே இருப்பவர் யார் என்று போதியளவு கேட்காமல் விட்டதன் பலன் அது.

170 காரியாலயம் 13 ஆகிறது

2005இல் மேற்சொன்ன இரு திணைக்களங்களும் ஒன்றாக்கப்பட்டன. அன்றிலிருந்து ஊழியர் தொகை குறைந்துகொண்டே வந்தது. சிறிய ஊர்க் காரியாலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஏறத்தாழ 600 ஆக இருந்தது பத்து வருடத்தில் 170 ஆனது. அந்த 170இலும் ஒரு ஒழுங்கில்லை. ஒரு இடத்தில் ஏறத்தாழ 6,000 பேர் வேலை செய்தார்கள். இன்னொரு இடத்தில் பத்துப் பேர் கூட இல்லை.

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெரிய அறிவித்தல் வந்தது. 170 காரியாலயங்களையும் மூடி 13 பிராந்திய நிலையங்களாக ஆக்கப்போகிறோம் என்றார்கள். நியூகாசில், லீட்ஸ், மன்செஸ்டர், லிவர்பூல், நொட்டிங்ஹாம், பர்மிங்ஹாம், பிரிஸ்டல், கார்டிஃப், கிளாஸ்கோ, எடின்பரோ, பெல்பாஸ்ட் ஆகியவற்றோடு லண்டன் பக்கத்தில் ஸ்ட்ராட்போர்ட், குரோய்டன். எல்லாம் பெரிய நகரங்கள். ஒவ்வொன்றிலும் 1,200 முதல் 6,000 வரையான ஊழியர்கள். இவற்றுக்குப் புறம்பாக விசேட வேலைகளுக்கென நான்கு இடங்கள் மிஞ்சும்.  2025 அளவில் வருடத்துக்கு 100 மில்லியன் பவுண் மிச்சமாகும். கடதாசியில் இப்படித்தான் இருந்தது.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2021இல் பழைய ஒப்பந்தம் முடிகிறது. அப்படியே இருந்தாலும் அதன் பிறகு வாடகை கூடத்தான் போகிறது. பத்துப் பேர் இருக்கும் காரியாலயத்தில் ஒரு ஊழியருக்குப் பதவியுயர்வு கொடுக்க இடமில்லை. ஒரே வேலையைப் பத்து ஊரில் பத்து விதமாகச் செய்கிறார்கள். படிவங்கள் கணினிக்கு வந்துவிட்ட பிறகு கோப்பு எந்த ஊரில் இருந்தால் என்ன? இவை எல்லாம் உண்மையான காரணங்கள். நண்பரின் மகனும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார்.

இனி நடந்ததைப் பார்ப்போம். அறிவித்து ஒரு வருடம் சற்றுக் கடந்த நிலையில், 2017 ஜனவரியில் தேசிய கணக்காய்வு அலுவலகம் தனது அறிக்கையை வெளியிட்டது. முதலில் போட்ட திட்டம் யதார்த்தமானதல்ல என்று அது வெளிப்படையாகவே சொன்னது. பத்து வருடத்துக்கான உத்தேசச் செலவு ஏறத்தாழ 600 மில்லியன் பவுண்ணால், அதாவது 22 சதவீதத்தால் கூடியிருந்தது. 2025 வரைக்கும் கிடைக்கும் என்று சொன்ன மொத்த மிச்சம் 499 மில்லியனிலிருந்து 212 மில்லியனாக இறங்கியிருந்தது. இன்னும் ஒரு செங்கல்லும் வைக்காத கட்டடங்கள் பல இருக்கும்போதே கணக்கு இவ்வளவு மாறிவிட்டது. பிறகு பாராளுமன்றத்தின் பகிரங்கக் கணக்குகள் குழுவும் திணைக்களத்தை அழைத்துக் கடுமையாகக் கேள்வி கேட்டது. அந்தக் கேள்விகளில் ஒன்று நமக்கு நன்றாகப் புரியும். பெரிய நகரங்களின் நடுவிலே, வாடகை அதிகமான இடங்களைத் தேடிப் போய்ச் செலவைக் குறைக்கப் போகிறோம் என்றால் எப்படி?

செலவு எங்கே ஒளிந்திருந்தது?

நான் என் சொந்தக் கணக்கொன்றைச் சொல்கிறேன். அப்போதுதான் மேலே சொன்ன மில்லியன்கள் கையில் பிடிபடும்.

2006ஆம் ஆண்டு புறக்கோட்டையில் இருந்த எங்கள் துணிக் களஞ்சியத்தை வத்தளைக்கு மாற்றினேன். கடை மட்டும் புறக்கோட்டையில் இருந்தது. களஞ்சியத்துக்கு மாத வாடகை 65,000 ரூபா. வத்தளையில் 25,000. மாதம் 40,000 மிச்சம், வருடத்துக்கு 4 இலட்சத்து 80,000. யார்தான் விடுவார்கள்?

புதிய இடத்தில் இராக்கை அடித்து, வயரிங் செய்து, கிரில் போட 1 இலட்சத்து 75,000 முடிந்தது. அந்த வேலை முடியும் வரை இரண்டு மாதம் இரண்டு இடத்துக்கும் வாடகை. அதாவது பழைய இடத்துக்கு வீணாக 1 இலட்சத்து 30,000. லொறிக்கும் நாட்டாமைமாருக்கும் 38,000. இவை ஒருமுறை போய் முடிகிற செலவு. முடியாத செலவு இரண்டு இருந்தன. ஒவ்வொரு நாளும் வத்தளையிலிருந்து கடைக்கு வேனில் சாமான் கொண்டுவர நாளொன்றுக்கு 900 ரூபா. மாதத்துக்கு 25 நாள் என்று பார்த்தாலும் வருடத்துக்கு 2 இலட்சத்து 70,000. மூன்று பொடியன்மாருக்குப் பஸ் காசு மாதம் 4,500, வருடத்துக்கு 54,000.

கூட்டிப் பாருங்கள். முதலாம் வருடச் செலவு 6 இலட்சத்து 67,000. மிச்சம் 4 இலட்சத்து 80,000. ஆக 1 இலட்சத்து 87,000 நட்டம். பரவாயில்லை, இரண்டாம் வருடம் வேனும் பஸ்ஸும் போக 1 இலட்சத்து 56,000 மிஞ்சும், மூன்றாம் வருட ஆரம்பத்தில் தலை நிமிர்த்தலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் வருடம் பிறந்ததும் இடத்தின் சொந்தக்காரர் வாடகையை 32,000 ஆக்கினார். ஒப்பந்தத்தில் அதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. நான்தான் எழுதிக்கொள்ளவில்லை. அதன் பிறகு வருடத்துக்கு மிஞ்சியது வெறும் 72,000 ரூபா. போட்ட பணத்தை எடுக்க நான்காம் வருடத்தின் எட்டாம் மாதம் ஆனது.

இந்தக் கணக்கில் சேராத ஒன்றும் இருக்கிறது. எங்களிடம் 19 வருடம் வேலை செய்த ஒரு ஸ்டோர் கீப்பர் இருந்தார். எந்தத் துணி எந்தக் கட்டில், எந்தக் கட்டு எந்த மூலையில், எந்த ஊர் முதலாளிக்கு எந்த நிறம் போகும் என்பதெல்லாம் அவரது தலைக்குள் இருந்தது. அவருக்கு வீடு கொலன்னாவையில். வயதான தாயார். "முதலாளி, வத்தளைக்குப் போய்வர எனக்கு ஏலாது" என்று மூன்று மாதத்தில் விலகிவிட்டார். அவருடைய இடத்துக்கு இரண்டு பேரை எடுத்தோம். பெருநாள் நேரத்தில் இருக்கும் சாமானை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் நிரல் கிடையாது.

பிரித்தானியத் திணைக்களத்துக்கும் இதேதான் நடந்தது. ஒரே வித்தியாசம், அங்கே ஸ்டோர் கீப்பர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். புதிய நிலையத்துக்குத் தினமும் பயணம் செய்ய முடியாதவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் விலக நேரிடலாம் என்று கணக்கிடப்பட்டது. விலகுபவர்களுக்கான நட்டஈடும், வருபவர்களுக்கான மேலதிகப் பயணச் செலவும் சேர்ந்து 54 மில்லியன் பவுண் என்று மதிப்பிட்டார்கள். காசாகக் கொடுக்கும் தொகை அவ்வளவுதான். ஒரு மாவட்டத்தின் கம்பனிகளை இருபது வருடமாகக் கவனித்து, யார் உண்மையான நட்டத்தைக் காட்டுகிறார், யார் எழுதிக் காட்டுகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய உத்தியோகத்தர் போனால் அதன் விலை என்ன? வரி அறவிடும் வேலையில் அதுதானே முதல்!

வேல்ஸ் நாட்டில் ஒரு சம்பவம் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. அங்கே வடபகுதியில் போத்மடொக் என்ற சிறிய ஊரில் வேல்ஸ் மொழியில் வரி சேவை வழங்கும் ஒரு பிரிவு இருந்தது. இருபது பேரளவில்தான் வேலை செய்தார்கள். அதையும் தெற்கே கார்டிஃப் நகரத்துக்கு எடுப்பதாக 2015 திட்டத்தில் இருந்தது. அந்த ஊர் மக்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள். வேலை போகும் என்பது மட்டும் காரணமல்ல. வடமேற்குப் பகுதியில் வீட்டிலும் கடையிலும் அந்த மொழியையே பேசுகிறார்கள். கார்டிஃபில் அவ்வளவு பேர் பேசுவதில்லை. மேசையை லொறியில் ஏற்றலாம், மொழியை எப்படி ஏற்றுவது? தமிழில் ஒரு கடிதம் எழுதிவிட்டு அதற்குத் தமிழிலேயே பதில் வரக் காத்திருந்த அனுபவம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊருக்கு ஏற்படும் இழப்பும் ஒன்றிருக்கிறது. ஸ்கொட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைட், கம்பர்நோல்ட் போன்ற நகரங்களில் வரிக் காரியாலயம்தான் பெரிய தொழில் தரும் இடமாக இருந்தது. அவை கிளாஸ்கோவுக்குப் போக வேண்டும் என்றானபோது அங்குள்ள சாப்பாட்டுக் கடைக்காரர்களும் சிகை அலங்காரக் கடைக்காரர்களும் பயந்ததில் நியாயமுண்டு. நம் நாட்டில் கச்சேரி இடம் மாறிய ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் முத்திரை விற்றவர், விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், போட்டோ கொப்பிக் கடை, தேநீர்க் கடை என்று ஒரு வரிசையே ஆறு மாதத்தில் காணாமல் போகும்.

யாருடைய பையிலிருந்து?

இப்போது நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். செலவு குறைந்தது என்று ஒருவர் சொன்னால், குறைந்ததா அல்லது வேறொருவர் தலையில் இறங்கியதா என்று கேட்க வேண்டும்.

பிரித்தானியாவில் பொதுமக்கள் நேரே போய் வரி விபரம் கேட்கக்கூடிய 281 விசாரணை நிலையங்கள் இருந்தன. அவற்றை 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் முழுவதுமாக மூடினார்கள். வருகிறவர்களின் தொகை குறைந்துவிட்டது, இனி டெலிபோனிலும் கணினியிலும் பார்த்துக்கொள்ளலாம், மிகவும் உதவி தேவையானவர்களை உத்தியோகத்தரே போய்ச் சந்திப்பார் என்றார்கள். அதே காலத்தில் தனிநபர் வரிப் பிரிவின் ஊழியர் தொகையையும் 26,000இலிருந்து 15,000 ஆகக் குறைத்தார்கள். கணினிக்கு மாறுவார்கள் என்று எதிர்பார்த்த மக்கள் அவ்வளவு வேகமாக மாறவில்லை. டெலிபோனை எடுத்தார்கள். பதில் சொல்ல ஆளில்லை. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சுயமதிப்பீட்டு வரி பற்றி அழைத்தவர்கள் சராசரியாக 47 நிமிடம் காத்திருந்த ஒரு காலமும் வந்தது. பிறகு அவசர அவசரமாகப் புதிய ஆட்களை எடுத்தார்கள்.

2016 மே மாதத்தில் தேசிய கணக்காய்வு அலுவலகம் இதற்கும் ஒரு விலை போட்டது. டெலிபோன் சேவையில் திணைக்களம் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ஒரு பவுண்ணுக்கும், காத்திருந்த நேரத்தாலும் டெலிபோன் கட்டணத்தாலும் வரி செலுத்துபவர்களுக்கு நான்கு பவுண் செலவு கூடியது என்பதே அந்த மதிப்பீடு. ஒன்றுக்கு நான்கு. இந்தக் கணக்கை நான் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

திணைக்களத்தின் ஏட்டில் அந்த நான்கு பவுண் எங்கும் வராது. அது ஒரு தச்சனின் அரை நாள் கூலியிலும், ஒரு சில்லறைக் கடைக்காரரின் மூடிய கதவிலும் இருக்கிறது. நமது நாட்டில் 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. அன்றே பதிவுக்கான வருட விற்பனை எல்லை 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவுக்கு இறக்கப்பட்டது. அதுவரை வரிக் காரியாலயத்தின் வாசலையே மிதிக்காத எத்தனையோ நடுத்தர வியாபாரிகள் அந்த வருடத்தில்தான் முதல் தடவை போனார்கள். தூர ஊரிலிருந்து ஒரு கையொப்பத்துக்காகக் கொழும்புக்கு வருபவர் முதல் நாள் இரவே பஸ் ஏறுகிறார். கடை ஒரு நாள் பூட்டு. வந்த இடத்தில் ஒரு கடதாசி குறைவு என்றால் இன்னொரு நாள். அலுவலகம் பக்கத்தில் இருந்தால் போய் எடுத்துக்கொண்டு பின்னேரமே வந்திருப்பார். எவராவது நாளைக்கு நம் நாட்டிலும் பிராந்திய அலுவலகங்களைச் சுருக்கி மிச்சம் பிடிப்போம் என்று ஒரு கடதாசி நீட்டினால், வர்த்தக சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த நான்கு பவுண் எங்கே என்றுதான்.

2024 மார்ச் மாதத்திலும் பிரித்தானியாவில் இதே போன்ற ஒன்று நடந்தது. சுயமதிப்பீட்டு உதவித் தொலைபேசியை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை மூடப்போகிறோம் என்று திணைக்களம் அறிவித்தது. கணக்காளர்களும் சிறு வியாபாரிகளும் கொதித்தெழுந்தார்கள். மறுநாளே அறிவித்தலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் விசாரணை நிலையங்களை மூடியபோது, டெலிபோன் இருக்கிறதே என்று சொன்னது இதே திணைக்களம்தான்.

இனி அந்தக் கட்டடங்களின் கதி. 2017இல் குரோய்டன் நிலையம் முதலாவதாகத் திறக்கப்பட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாக எழும்பின. குத்தகைகள் சாதாரணமானவையல்ல, 25 வருடக் குத்தகைகள் பல. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டு எடுத்த இடங்கள். 2020இல் கொரோனா வந்தது. எல்லோரும் வீட்டில் இருந்து வேலை செய்தார்கள். அது முடிந்த பிறகும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது வழக்கமாகிவிட்டது. யாரும் இதை முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது, அதற்காகத் திணைக்களத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் 25 வருடம் என்று கையொப்பமிடும்போது தெரியாத ஒன்று வரும் என்பது மட்டும் தெரிந்ததுதானே. நியூகாசிலில் கட்டுவதாக இருந்த நிலையமோ பழைய ஒப்பந்தம் முடிந்த 2021ஆம் ஆண்டிலும் எழும்பவில்லை. புது இடம் தயாராகும் வரை ஆயிரக்கணக்கானோர் பழைய இடத்திலேயே இருந்தார்கள். பழைய கட்டடத்தில் புதியது வரும் வரை இருக்க வேண்டியவர், வாடகை பேசும்போது எந்தப் பக்கத்தில் நிற்பார் என்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

நண்பரின் மகனின் கடதாசிக்கு வருகிறேன். அவரது கடதாசியின் பின்பக்கத்தில் நானும் அவருமாகச் சேர்ந்து சிலவற்றை எழுதினோம். மூன்று ஊர் இடங்களுக்கும் எத்தனை மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்? கட்டிய முற்பணம் திரும்புமா? கொழும்பு இடம் தயாராவது பிந்தினால் இரட்டை வாடகை எத்தனை மாதம்? வேலை செய்யும் எட்டுப் பேரில் எத்தனை பேர் கொழும்புக்கு வருவார்கள்? வராதவருக்கு ஐந்து வருடச் சேவை முடிந்திருந்தால் பணிக்கொடை எவ்வளவு? இந்த இடத்தில் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். குருநாகல் கிளையில் கடன் அறவிடுபவர் வாப்பா காலத்து மனிதர் என்றார். அந்தப் பகுதியிலுள்ள மேசன்மாரும் கொன்ட்ராக்காரர்களும் இந்த மனிதரின் முகத்துக்காகவே மாத முடிவில் காசைக் கட்டுகிறார்களாம். அவருக்கு வயது 57. கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்கப் போவதில்லை.

"அவரிடம் எவ்வளவு கடன் வெளியில் நிற்கிறது?" என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை மூன்று வருட மிச்சத்தை விடக் கூட.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டியிலும் காலியிலும் பில் போடுவதைக் கணினி மூலம் கொழும்புக்கு எடுப்பதில் பெரிய இழப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அதை முதலில் செய்து ஆறு மாதம் பார்க்கலாம். அறவிடுபவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பத்து வருட லீஸுக்குப் பதிலாக மூன்று வருடம் கேட்கலாம். பத்து வருடமேதான் வேண்டும் என்று கட்டடச் சொந்தக்காரர் நின்றால், மூன்றாம் வருட முடிவில் நட்டஈடில்லாமல் விலகும் உரிமையையும், வருடாந்த வாடகை உயர்வுக்கு ஒரு மேல் எல்லையையும் எழுத்தில் கேட்க வேண்டும். தட்டு முழுவதும் தேவையா, பாதி போதாதா என்றும் பார்க்கச் சொன்னேன்.

போன கிழமை டெலிபோன் எடுத்தார். பாதித் தட்டுக்குக் கட்டடக்காரர் சம்மதமாம். வாடகை உயர்வுக்கு எல்லை போடவும் இணங்கிவிட்டார். மூன்றாம் வருடம் விலகும் உரிமையை மட்டும் எழுத மாட்டேன் என்கிறாராம். "ஐந்தாம் வருடம் என்று கேட்டுப் பார்க்கவா மாமா?" என்றார். கேட்டுப் பாருங்கள், ஆனால் பதில் எழுத்தில் வரும் வரை காசோலை கொடுக்க வேண்டாம் என்றேன். குருநாகல் மனிதரிடம் இன்னும் அவர் எதுவும் சொல்லவில்லையாம்.